எங்கள் ஊர் மார்க்கர்

தொழில்முறை டென்னிஸ் ஆட்டக்காரர் என்று இன்று சொன்னால், நாடு நாடாகப் பறந்து சென்று பரிசுப் பணத்திற்கு ஆடும் ஒருவரே கேட்போர் உள்ளத்தில் தோன்றுவார். 1960-களில் சித்தூரில் வளர்ந்த எங்களுக்கு அச்சொல் குறித்தவர் வேறு ஒருவர். காக்கி அரைக்கால் சட்டையும் கை வைத்த பனியனும் அணிந்து, விடியற்காலையில் வெறுங்காலோடு கல் உருளையை இழுத்துக்கொண்டிருந்த மார்க்கர்தாம் அவர். ஆட்டத்திற்காகக் கூலி பெற்றவர் எங்கள் ஊரில் அவர் ஒருவரே. ஆகவே சட்டப்படி அவரே எங்கள் ஊரின் ஒரே தொழில்முறை ஆட்டக்காரர்.

மார்க்கர் என்ற சொல்லை இம்மலரைப் படிக்கும் இளைய தலைமுறையினர் அறிந்திருக்க நியாயமில்லை. வெள்ளையர் காலத்தில் தோன்றிய சங்கங்களில் டென்னிஸ் தளத்தைப் பேணவும், உறுப்பினர்க்குப் பயிற்சி தரவும், ஆள் குறைந்தால் உடன் நின்று ஆடவும் அமர்த்தப்பட்ட ஊழியருக்கு அப்பெயர். பில்லியர்ட்ஸ் மேசையருகே நின்று கணக்குக் குறித்தவரையும் அவ்வாறே அழைத்தார்கள். பெயரில் ஆட்டத்தின் வாடை இருந்தது. பதவியில் ஏவலாளின் இடமே இருந்தது.

சித்தூரைப் பற்றியும் இரண்டு சொற்கள் சொல்ல வேண்டும். 1911 வரை வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்த ஊர் அது. அவ்வாண்டில் தனி மாவட்டமாகி, 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 1960-ல் திருத்தணி சென்னை மாநிலத்திற்கு மீண்டது. நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, கச்சேரியில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளை நாள்தோறும் சட்டை மாற்றுவது போல மாற்றிக்கொண்டோம். டென்னிஸ் தளத்தில் மட்டும் மூன்றும் ஒன்றாய்க் கலந்தன. 'ஃபார்ட்டி லவ்' என்று ஆங்கிலத்தில் கணக்குச் சொல்லும் மார்க்கர், பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தால் 'போயிந்தி' என்று தெலுங்கில் தீர்ப்பளிப்பார்; எங்கள் கால் நகரவில்லையென்றால் திட்டுவது தமிழில்.

நாங்கள் நால்வர். இருவருடைய தந்தையர் ஆட்சியர் அலுவலகக் குமாஸ்தாக்கள். ஒருவருடையவர் பள்ளி ஆசிரியர். நான்காமவருடையவர் வெல்ல மண்டியில் கணக்கெழுதியவர். டென்னிஸ் ஆடத் தகுந்த குடும்பங்கள் அல்ல இவை. அதிகாரிகள் சங்கத்தின் தளம் பிற்பகல் 3 மணி முதல் 4.30 வரை வெயிலில் வெறுமனே கிடந்தது. அந்நேரத்தில் அலுவலகத்தார் வீட்டுப் பையன்கள் மாதம் 2 ரூபாய் கட்டி ஆடலாம் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. அந்த இடுக்கில் நுழைந்தவர்கள்தாம் நாங்கள். மண்டிக் கணக்கரின் மகன் எந்த விதியால் உள்ளே வந்தார் என்பதை மார்க்கர் யாரிடமும் சொன்னதில்லை.

தளம் செம்மண் தளம். மண்ணைச் சலித்துப் பரப்பி, தண்ணீர் தெளித்து, உருளையிட்டு, மேலே பசுஞ்சாணம் கரைத்து மெழுகுவார். சாணம் என்றதும் சிரிக்க வேண்டா. சென்னையிலும் அத்தகைய தளங்கள் இருந்தன. தென்னாட்டிலிருந்து உலகரங்கிற்குப் போன பெரிய ஆட்டக்காரர்கள் அவற்றிலும் கால் பதித்தவர்களே. மண் தூசி எழும்பாமலும் பந்து ஒரே அளவாய்க் குதிக்கவும் அது உதவியது. பிறகு கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போடுவார். அக்கோடுகளை மிதித்து அழிப்பவர்கள் மேல் அவருக்கு வந்த கோபம், வாசற்கோலத்தை மிதித்தவர் மேல் நம் வீட்டுப் பெண்களுக்கு வரும் கோபத்தைவிடப் பெரிது.

மட்டைகள் அந்நாளில் மரத்தாலானவை. ஈரம் பட்டால் வளையும். ஆகையால் நான்கு மூலையிலும் திருகாணி வைத்த மரச் சட்டத்துக்குள் இறுக்கி வைப்போம். நரம்பு என்பது உண்மையிலேயே ஆட்டுக்குடலிலிருந்து எடுத்தது. ஐப்பசி மழையில் அது நைந்து அறுந்துபோகும். அறுந்த மட்டையை மடியில் கிடத்தி, ஊசியும் முளைக்குச்சியும் கொண்டு மார்க்கர் மீண்டும் கட்டுவார். பந்துகளுக்கோ வருணப் பிரிவு உண்டு. புதியவை அதிகாரிகளுக்கு, மயிர் உதிர்ந்தவை எங்களுக்கு, நாங்களும் கைவிட்டவை தெருக் கிரிக்கெட்டுக்கு.

மார்க்கரின் வித்தை எது என்பதை உணர எங்களுக்கு ஈராண்டு பிடித்தது. மாலையில் துணை ஆட்சியர் ஆட வருவார். பெருத்த உடம்பு, இரண்டடிக்கு மேல் நகர மாட்டார். மார்க்கர் அவருடைய வலப்பக்கத்தில், இடுப்பளவு உயரத்தில், ஒரே இடத்தில் பந்தைப் போட்டுக்கொண்டேயிருப்பார். அதிகாரி எங்கே அடித்தாலும் ஓடி எடுத்து, மீண்டும் அதே இடத்திற்கே அனுப்புவார். அதிகாரிக்கு மூச்சு வாங்குகிறது என்று கண்டால் தாமே ஒரு பந்தை வலையில் அடித்துவிடுவார். அதுவும் முயன்று தவறியது போலவே இருக்கும். அதிகாரி மகிழ்ச்சியோடு துண்டால் முகம் துடைப்பார். "பந்தை அடிக்கறது ஒரு வேலை, தம்பி. எதிரில இருக்கறவரை அடிக்க விடறது வேற வேலை. எனக்குச் சம்பளம் ரெண்டாவதுக்கு" என்று எங்களிடம் ஒருநாள் சொன்னார்.

அவர் சிறுவனாயிருந்தபோது சென்னையில் ஒரு சங்கத்தில் பந்து பொறுக்கியவர். அங்கே இளைஞரான இராமநாதன் கிருஷ்ணன் ஆடுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்ததாகச் சொல்வார். அதுவே அவருடைய குலப்பெருமை. எங்களுக்கும் அதுவே வேதமாயிற்று. 1937-ல் நாகர்கோவிலில் பிறந்து, தந்தை டி. கே. இராமநாதனிடமே ஆட்டம் பயின்ற கிருஷ்ணன், 1954-ல் விம்பிள்டன் சிறுவர் பட்டம் வென்ற முதல் ஆசியர். 1960-லும் 1961-லும் அங்கே அரையிறுதி வரை சென்றார். முன்னதில் நீல் ஃபிரேசரும் பின்னதில் ராட் லேவரும் அவரை வென்று, பட்டத்தையும் வென்றனர். 1962-ல் நான்காம் இடம் தந்து வரிசைப்படுத்தினார்கள். கணுக்கால் காயம் அவரை இடையிலேயே நிறுத்தியது.

நாங்கள் இவற்றையெல்லாம் கண்ணால் கண்டவர்கள் அல்லோம். எங்கள் டென்னிஸ் காதாலும் எழுத்தாலும் வந்த டென்னிஸ். சென்னையிலிருந்து வரும் 'இந்து' நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தையும், 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' வார இதழையும் நூல்நிலையத்தில் முறை வைத்துப் படித்தோம். மார்க்கருக்கு ஆங்கில எழுத்து தெரியாது. மறுநாள் பிற்பகல் நாங்கள் அவருக்குச் செய்தியைப் பாதி தமிழிலும் பாதி தெலுங்கிலும் ஒப்புவிக்க வேண்டும். யார் வென்றார் என்பதில் அவருக்கு அக்கறை குறைவு. செட் கணக்கைக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். "6-3, 4-6, 6-1 என்றால் ரெண்டாவது செட்டுல என்ன ஆச்சு? கால் வலியா, காத்தா?" என்பார். எந்தப் பத்திரிகை இதற்கு விடை தரும்?

1966 டிசம்பரை நாங்கள் மறப்பதற்கில்லை. டேவிஸ் கோப்பையில் இந்தியாவும் பிரேசிலும் கல்கத்தாவில் மோதின. ஆளுக்கு இரண்டு ஆட்டங்கள் என்ற நிலையில் கடைசி ஆட்டத்தில் கிருஷ்ணனும் தாமஸ் கோச்சும் எதிர்நின்றனர். கிருஷ்ணன் இரண்டு செட்டுகளை இழந்து, நான்காம் செட்டில் 2-5 என்று பின்தங்கினார். அங்கிருந்து மீண்டு 3-6, 6-4, 10-12, 7-5, 6-2 என்று வென்றார். அந்நாளில் 'டை பிரேக்' என்னும் குறுக்குவழி வந்திருக்கவில்லை. 10-12 என்றெல்லாம் செட் நீளும். தேநீர்க்கடை வானொலியில் செய்தியைக் கேட்டு நாங்கள் ஓடியபோது மார்க்கர் நரம்பு கட்டிக்கொண்டிருந்தார். கணக்கை இருமுறை சொல்லச் சொன்னார். கோச் இடக்கைக்காரர் என்று கேட்டதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். இடக்கைக்காரர் குறுக்கே அடிக்கும் பந்து வலக்கைக்காரரின் பின்கைக்கு உயர்ந்து வரும். கிருஷ்ணன் அந்தப் பின்கையால் ஐந்து செட் எப்படித் தாங்கியிருப்பார் என்று வெறுந்தரையில் விரலால் கோடு கிழித்துக் காட்டினார். தளத்தை விட்டு எழுந்தபோது மணி ஆறு. அன்று அதிகாரிகளுக்குத் தண்ணீர் தெளிக்காத தளமே கிடைத்தது.

அவ்வெற்றியால் இந்தியா முதன்முறையாக இறுதிச் சுற்றுக்குச் சென்றது. மெல்போர்னில் ஆஸ்திரேலியா 4-1 என்று வென்றது. ஆயினும் நியூகோம், ரோச் இணையைக் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் வீழ்த்திய அந்த ஒன்றைப் பெற்றதற்கே எங்கள் தெருவில் சர்க்கரைப் பொங்கல் வைத்த வீடு உண்டு.

அதே 1966-ல் விம்பிள்டன் பட்டம் வென்றவர் ஸ்பெயின் நாட்டின் மானுவேல் சாந்தானா. மாட்ரிட் நகரச் சங்கமொன்றில் பந்து பொறுக்கிய சிறுவராகத் தொடங்கியவர் அவர் என்று வார இதழில் படித்தோம். மார்க்கரிடம் சொன்னோம். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "அவரு ஊர்ல பொறுக்கறவனை ஆட விட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

கேள்வியின் பொருள் எங்களுக்குத் தெரியும். சங்கத்தில் ஆண்டுதோறும் தை மாதத்தில் பந்தயம் நடக்கும். மாவட்டம் முழுவதிலிருந்தும் வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் வருவார்கள். வெள்ளிக் கிண்ணம் உண்டு. பத்து நாள் தளத்தை மெழுகிக் கோடிட்டவர் மார்க்கர். வந்தவர்களில் எவரையும் ஒரு கையைக் கட்டிக்கொண்டு வெல்லக் கூடியவரும் அவரே. அவர் பெயர் மட்டும் பட்டியலில் வராது. ஒருமுறை எங்களுள் ஆசிரியரின் மகன் துணிந்து செயலாளரிடம் கேட்டார். "அவன் புரொஃபஷனல், இது அமெச்சூர் பந்தயம்" என்று விடை வந்தது. ஆங்கிலச் சொல் இரண்டும் கேட்க அழகாகவே இருந்தன. மாதம் 45 ரூபாய் சம்பளம் வாங்கியவர் புரொஃபஷனல். அவரிடம் பயின்று ஆடிய மாஜிஸ்திரேட் அமெச்சூர்.

அது எங்கள் ஊர்ச் செயலாளர் கற்பித்த விதி அன்று. உலகெங்கும் அப்போது அதுவே விதி. ஆடுவதற்கோ கற்பிப்பதற்கோ பணம் பெற்றவர் விம்பிள்டன் முதலிய பெரும்பந்தயங்களில் நுழைய இயலாது. 1962-ல் நான்கு பெரும்பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்ற லேவர், பணத்திற்கு ஆடப் போனதும் ஐந்தாண்டுகள் அவ்வாயிலுக்கு வெளியே நின்றார். ஜாக் கிரேமர் தம் தொழில்முறைக் குழுவுக்கு அழைத்தபோது கிருஷ்ணன் மறுத்துவிட்டார். உடன்பட்டிருந்தால் 1966-ன் கல்கத்தா ஆட்டமே இராது. விதி சிலரை மட்டும் கடித்தது என்பதே உண்மை. பெயர் பெற்ற 'அமெச்சூர்'கள் பயணப்படி என்ற பெயரில் மேசைக்குக் கீழே பணம் பெற்றனர் என்பது ஊரறிந்த செய்தி. மேசைக்கு மேலே வெளிப்படையாய்ச் சம்பளம் வாங்கியவருக்கே தீட்டு.

இங்கிலாந்தின் டான் மாஸ்கலையும் இவ்விடத்தில் நினைக்கத் தோன்றுகிறது. குவீன்ஸ் சங்கத்தில் பந்து பொறுக்கும் சிறுவராய்த் தொடங்கி, 1929-ல் விம்பிள்டன் சங்கத்தின் சம்பளப் பயிற்சியாளரானவர். பிரிட்டனின் தொழில்முறைப் பட்டத்தைப் பலமுறை வென்றவர். ஆயினும் தாம் பணிபுரிந்த அதே புல்தளத்தில் நடந்த பெரும்பந்தயத்தில் ஒரு நாளும் ஆட இயலவில்லை. பின்னர் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஆண்டுக்கணக்கில் அவ்வாட்டங்களை விளக்கிச் சொல்லி 1991-ல் ஓய்வு பெற்றார். எங்கள் மார்க்கருக்கு வாயாடும் வேலையும் வாய்க்கவில்லை.

1968-ல் விதி உடைந்தது. ஏப்ரலில் போர்ன்மவுத் நகரில் முதல் பொதுப் பந்தயம் நடந்தது. அவ்வாண்டு விம்பிள்டனில் மீண்டும் நுழைந்த லேவரே பட்டம் வென்றார். மறு ஆண்டு நான்கு பட்டங்களையும் இரண்டாம் முறை வென்றார். உலகம் மாறியது, எங்கள் ஊர் வெள்ளிக் கிண்ணத்தின் விதி மாறவில்லை. யாரும் தீய எண்ணத்தோடு தடுத்தார்கள் என்று சொல்ல மாட்டோம். அவரைப் பட்டியலில் சேர்ப்பது என்னும் நினைப்பே எவருக்கும் எழவில்லை. அதுதான் எங்களுக்கு அதிகம் உறுத்தியது.

இதற்குள் நாங்கள் படிப்பு முடிந்து சிதறத் தொடங்கியிருந்தோம். இருவர் வேலை பெற்றுத் திருப்பதி சென்றோம். சித்தூரிலிருந்து பாகாலா வழியாகச் செல்லும் மீட்டர் கேஜ் வண்டியில் அரைநாளைத் தின்னும் பயணம் அது. திருப்பதி 1954-ல் பல்கலைக்கழகம் தோன்றிய ஊர். யாத்திரிகர் கூட்டத்துக்கு நடுவே மாணவர் கூட்டமும் உண்டு. மலையடிவாரத்தில் சிமெண்டுத் தளமொன்றில், விடியலில், மொட்டையடித்துக் கீழிறங்கும் பக்தர்கள் வேலியருகே நின்று வேடிக்கை பார்க்க நாங்கள் ஆடினோம். 'கோவிந்தா' என்ற குரல் எழுந்த கணத்தில் பந்தைப் போட்டுத் தொடங்குவது நன்னிமித்தம் என்று எங்களுள் ஒருவர் நம்பினார். அவருடைய தொடக்க அடி அதனால் திருந்தியதாகத் தெரியவில்லை.

அவ்வாண்டுகளில் விஜய் அமிர்தராஜ் எழுந்தார். 1973-ல் ஏறத்தாழ எண்பது ஆட்டக்காரர் விம்பிள்டனைப் புறக்கணித்தபோது அங்கே கால் இறுதி வரை சென்று, பட்டம் பெறவிருந்த யான் கோடெஷிடம் ஐந்து செட்டில் தோற்றார். அதே ஆண்டு அமெரிக்கப் பந்தயத்தில் லேவரையும், மறு ஆண்டு அங்கேயே போர்க்கையும் வென்றார். இளமையில் நுரையீரல் நோயால் மருத்துவமனையில் கிடந்த பிள்ளை அவர். தாயார் அட்டைப்பெட்டித் தொழில் நடத்தி மூன்று மக்களையும் ஆட்டத்தில் வளர்த்தார். இவர்கள் பணத்திற்கே ஆடினார்கள். அதை மறைக்க வேண்டிய காலம் போயிருந்தது.

1974-ல் இந்தியா மீண்டும் டேவிஸ் கோப்பை இறுதிக்கு வந்தது. எதிரி தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சியோடு ஆடுவதில்லை என்று இந்தியா விலகியது; கோப்பை ஆடாமலே அவர்களிடம் போயிற்று. 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர் வழிவந்தோர் அங்கே என்ன பட்டார்கள் என்பதை இம்மலரின் வாசகர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. செய்தியைச் சொன்னபோது மார்க்கர், "வர வேண்டிய கோப்பையா?" என்றார். வந்திருக்கக் கூடும் என்றோம். "அப்ப பெரிய விலைதான் கொடுத்திருக்காங்க" என்றார். உள்ளே நுழைய விடாத தளத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு எங்களுக்குத் தெரியாது, மேலே பேசவில்லை.

1975 பொங்கல் விடுமுறையில், அவ்வூரார் சங்கராந்தி என்பர், திருப்பதியில் நாங்களே ஒரு பந்தயம் நடத்தினோம். நுழைவுக் கட்டணம் 2 ரூபாய்; பதினாறு பேர்; பரிசு ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. எவரும் ஆடலாம் என்று அறிவிப்பில் எழுதினோம். சித்தூருக்குப் போய் மார்க்கரை அழைத்தோம். அவருக்கு அப்போது 42 வயது. வர மறுத்தார், பிறகு அவர் மனைவி, "போய்ட்டு வாங்களேன், சாமியும் பாத்த மாதிரி ஆச்சு" என்றதும் இசைந்தார். கட்டணத்தை நாங்கள் கட்டுவதாகச் சொன்னபோது கேட்கவில்லை. இரண்டு ஒற்றை ரூபாய்த் தாள்களைத் தாமே எடுத்து மேசைமேல் வைத்தார். பட்டியலில் அவர் பெயரை, முன்னே 'ஸ்ரீ' சேர்த்து, தெலுங்கில் எழுதி ஒட்டினோம்.

முதல் சுற்றில் எதிரே நின்றவர் இருபது வயதுப் பல்கலைக்கழக மாணவர். நல்ல ஆட்டக்காரர். மார்க்கர் கித்தான் காலணி அணிந்து இறங்கினார். அதுவரை சிமெண்டுத் தளத்தில் அவர் ஆடியதில்லை. முதல் செட் 1-6. நாங்கள் திகைத்தோம். தளம் புதிது, பந்து வேகமாய் எழும்புகிறது என்று எங்களுக்கு நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம். பிறகுதான் விளங்கியது. எந்தப் பந்தை எடுத்தாலும் அவர் மாணவரின் வலப்பக்கத்தில், இடுப்பளவு உயரத்தில், அதே இடத்தில் போட்டுக்கொண்டிருந்தார். இருபத்தைந்து ஆண்டுகள் கை பழகிய இடம் அது. எதிரே இருப்பவர் எட்ட முடியாத மூலைக்குப் பந்தை அனுப்ப அந்தக் கைக்கு ஒருவரும் அதுவரை சம்பளம் கொடுத்ததில்லை.

செட் இடைவேளையில் எங்களுள் ஒருவர் வேலிக்கு இப்பாலிருந்து, "அண்ணா, எதிர்ல நிக்கறது கலெக்டர் இல்ல!" என்று கத்தினார். மார்க்கர் திரும்பிப் பார்த்தார். முதலில் முகம் சுருங்கியது, பிறகு சிரித்தார். அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை.

இரண்டாம் செட்டில் முதல் பந்தையே வலையோரம் மெத்தென்று இறக்கினார். மாணவர் ஓடி வந்தார், எட்டவில்லை. அடுத்ததை அவர் தலைக்கு மேலே தூக்கிப் பின்கோட்டில் போட்டார். பின்கைக்கு ஒன்று, உடனே வலக்கைக்கு ஒன்று. கிருஷ்ணனை வேலி வழியே பார்த்த கண்கள் அதுவரை எங்கே ஒளித்து வைத்திருந்தன என்று வியந்தோம். 6-4. மூன்றாம் செட்டில் கால்கள் சோர்ந்தன. 5-7 என்று தோற்றார். ஒரு பந்தையும் வேண்டுமென்று வலையில் அடிக்கவில்லை. நாங்கள் எண்ணிப் பார்த்தோம்.

ஆட்டம் முடிந்ததும் மாணவர் வந்து அந்த மெத்தென்ற அடியைத் தமக்குக் கற்றுத் தருமாறு கேட்டார். பொழுது சாயும் வரை, அரைமணிக்கு மேல், மார்க்கர் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார். பிறகு ஒட்டிய பட்டியலைத் தமக்குத் தர முடியுமா என்று கேட்டார். பந்தயம் முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது. வேறொரு தாளில் பட்டியலைப் படியெடுத்து ஒட்டிவிட்டு, முதல் தாளை அவரிடம் கொடுத்தோம். அதை நான்காய் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் மலையேறிச் சாமி தரிசனம் செய்துவிட்டு ஊர் திரும்பினார். அந்நாள் முதல் எங்களுக்கு அவர் 'மார்க்கர்' அல்லர், 'அண்ணா'.

அதன்பின் ஆண்டுகள் விரைந்தன. நால்வரில் மூவர் கடல் கடந்தோம். 1981-ல் விஜய் விம்பிள்டன் கால் இறுதியில் கானர்ஸை முதல் இரண்டு செட்டுகளில் வென்றுவிட்டுப் பின் மூன்றையும் இழந்ததைத் திருப்பதியில் சிற்றலை வானொலியில் கேட்டவர் எங்களுள் ஒருவர். அவர் கடிதத்தை மற்றவர் வளைகுடாவில் படித்தோம். 1987-ல் விஜயும் கிருஷ்ணனின் மகன் இரமேஷும் இந்தியாவை மீண்டும் இறுதிக்குக் கொண்டு சென்றதும், கோத்தன்பர்க்கில் ஸ்வீடன் 5-0 என்று வென்றதும் தொலைக்காட்சிக் காலத்துச் செய்திகள். அவற்றை நீங்களே அறிவீர்கள்.

1997 முதல் சென்னை நுங்கம்பாக்கத்தில் உலகத் தொழில்முறைப் பந்தயம் நடக்கத் தொடங்கியது. 1998-ல் ஊருக்கு வந்த நாங்கள் அண்ணாவைப் பேருந்தில் ஏற்றிச் சென்னைக்கு அழைத்துச் சென்றோம். அவருக்கு 65 வயது. அந்த ஆண்டு பட்டம் வென்றவர் பாட்ரிக் ராஃப்டர். முந்தைய ஆண்டு அமெரிக்கப் பட்டம் பெற்று வந்திருந்தவர். தொடக்க அடி அடித்த கையோடு வலைக்குப் பாய்ந்து வரும் ஆட்டம் அவருடையது. அண்ணா அவரைப் பார்த்தார். ஆனால் அதிகம் பார்த்தது பந்து பொறுக்கும் பிள்ளைகளை. "உருட்டி விடறாங்க பாருங்க. நாங்க ஓடிக் கொண்டுபோய்க் கையில கொடுப்போம்" என்றார். தளத்தைச் சுற்றி வந்து, "உருளை எங்கே?" என்றார். செயற்கைத் தளம், உருளை தேவையில்லை என்றோம். அதை அவர் முழுவதும் நம்பவில்லை.

இடைவேளையில் முதல் சுற்றில் தோற்றவருக்கும் பணம் உண்டு என்று பேச்சு வந்தது. "தோத்தவனுக்குமா?" என்றார். ஆம் என்றோம். எவ்வளவு என்று கேட்டார், சொன்னோம். மனத்துக்குள் கணக்குப் போட்டார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அப்படின்னா திருப்பதியில எனக்கு நீங்க பாக்கி" என்றார். அன்றிரவு சிற்றுண்டி விடுதியில் கணக்கு முழுவதையும் நாங்களே கட்டினோம், அவர் தடுக்கவில்லை.

அந்தப் பந்தயம் 2017 வரை சென்னையில் நடந்து, 2018-ல் புனேவுக்குப் போய்விட்டது. சித்தூர்ச் செம்மண் தளமும் இன்றில்லை. அவ்விடத்தில் வண்டிகளை நிறுத்துகிறார்கள். திருப்பதி 2022 ஏப்ரலில் தனி மாவட்டமாயிற்று. எங்கள் பழைய மாவட்டமும் ஒருமுறை மடித்துக் கிழித்த தாள் போலாயிற்று. 2024-ல் விஜய் அமிர்தராஜும் லியாண்டர் பயஸும் அமெரிக்காவிலுள்ள பன்னாட்டு டென்னிஸ் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டனர். ஆசிய ஆடவருக்கு அவ்விடம் கிடைத்தது அதுவே முதல் முறை. விஜய்க்கு அது ஆட்டக்காரர் பிரிவில் அன்று, ஆட்டத்துக்குத் தொண்டு செய்தோர் பிரிவில் கிடைத்தது. அப்படி ஒரு பிரிவு இருப்பதை அண்ணா அறிந்திருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவருடைய பேரன் திருப்பதியில் பிள்ளைகளுக்கு டென்னிஸ் கற்பிக்கிறார். சென்ற தை மாதம் தொலைபேசி வழியே ஒரு சிறு காட்சியை எங்களுக்கு அனுப்பினார். நீலச் செயற்கைத் தளம். கூடை நிறையப் புதுப் பந்துகள். எட்டு வயதிருக்கும் ஒரு சிறுமி மட்டையை இரு கையாலும் பிடித்து நிற்கிறாள். பேரன் பந்தை ஒவ்வொன்றாய் எடுத்து அவளுடைய வலப்பக்கத்தில், இடுப்பளவு உயரத்தில் போடுகிறார். பதினேழு பந்துகள், பதினேழும் ஒரே இடத்தில். பதினெட்டாவதை அவள் ஓங்கி அடித்துவிட்டு, 'கோச் சார், அவுட்டா?' என்று கேட்கிறாள். அவர் 'போயிந்தி' என்கிறார்.